முசேவின் ஆறு மணி

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
18.8.2024

அன்புள்ள சுலோசனாவுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். அம்மா போய் இரண்டு மாதமாகிறது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வலது கைச் சுண்டுவிரலைத் தவிர நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள்.

விரலைக் கடித்தவன் முசே. ஆறு வருடத்துக்கு முன்னால் ஏனாம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தபோது, "அம்மாவுக்குப் பேச்சுத் துணையா இருக்கட்டும்" என்று ஒரு பச்சைக்கிளியை வாங்கி வைத்துவிட்டு நீ கிளம்பிவிட்டாய். கழுத்து வளையத்தைப் பார்த்து, டை கட்டின பிரெஞ்சுத் துரை மாதிரி இருக்கிறான் என்று அம்மா முசே என்று பெயர் வைத்தாள். அடுத்த வருடமே அவளுக்குப் பக்கவாதம். அதற்குப் பிறகு அம்மாவுக்கும் கிளிக்கும் துணை நான். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்காகப் பாதி எழுதிய ஆய்வேடு இன்னும் பரண்மேல் இருக்கிறது. அதன் அட்டையைத்தான் முசே போன வாரம் கிழித்தான்.

அவன் செய்வதைக் கேள். கூண்டின் கொக்கியை மூக்கால் தூக்கிக் கதவைத் திறந்துகொள்கிறான். கல்லூரி நூலகத்திலிருந்து நான் கொண்டுவரும் புத்தகங்களின் முதுகைக் கடித்துக் குதறுகிறான். நூலகரே புத்தகத்தைக் கிழித்தால் யாரிடம் போய்ச் சொல்வது. கொடியில் காயும் சட்டைகளில் பொத்தான் மிஞ்சுவதில்லை. குக்கர் விசில் மாதிரியே கத்தவும் பழகிவிட்டான். நேற்று மூன்று விசில் எண்ணி அடுப்பை அணைத்தேன். அதில் இரண்டு அவனுடையது. அரிசி அரிசியாகவே இருந்தது.

இன்னொன்று. எனக்குப் போன் செய்யாதே. போன் மணியோ உன் குரலோ கேட்டால் அரைமணி நேரம் கத்துகிறான். கீழ்வீட்டு துர்கா மேலே வந்து எட்டிப்பார்க்கிறாள். சொந்தக்காரர்கள் குரூப்பில் நடந்த பேச்சுக்குப் பிறகு வாட்ஸ்அப்பை நான் எடுத்துவிட்டது உனக்குத் தெரியும். எதுவானாலும் கடிதமாக எழுது. நம் தெருவுக்குத் தபால்காரர் இன்னும் வருகிறார்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கமலக்கண்ணன்


ஏனாம்
29.8.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் இவரும் சௌக்கியம். விரலுக்கு டி.டி. ஊசி போட்டீர்களா? போடாவிட்டால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். படித்ததும் சிரிப்பு வந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை வைத்துக்கொண்டு இருக்கிறேன். முசே செய்வதையெல்லாம் அவர்களும் செய்கிறார்கள், கடிப்பது உட்பட.

அவன் கத்தும்போது நீங்கள் பதிலுக்குக் கத்தாதீர்கள். திட்டினாலும் அவனுக்கு அது சாப்பாடு மாதிரிதான். நம்மைப் பார்க்கிறார், பேசுகிறார் என்று இன்னும் கத்துவான். வேண்டாத சத்தம் போட்டால் கூண்டின்மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். வேண்டிய மாதிரி நடந்தால் உடனே ஒரு வேர்க்கடலை. அந்த உடனே முக்கியம். ஐந்து நிமிடம் கழித்துக் கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அவனுக்குத் தெரியாது. கடிப்பதற்கு முருங்கைக் குச்சியும் காலித் தேங்காய் ஓடும் போட்டு வையுங்கள். புத்தகத்தை விட்டுவிடுவான்.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா மாதிரி ஏதாவது பேசுகிறானா? அம்மாவின் குரல் என்னிடம் எதிலும் இல்லை, அண்ணா. பழைய போன் படகுத்துறையில் தண்ணீரில் விழுந்ததோடு எல்லாம் போய்விட்டது. ராத்திரி படுத்தால் அந்தக் குரலை நினைத்துப் பார்க்கிறேன். முகம் வருகிறது, குரல் வரமாட்டேன் என்கிறது. முசே ஒரு வார்த்தை அவள் மாதிரி சொன்னாலும் எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் தங்கை
சுலோசனா


நெல்லித்தோப்பு
12.9.2024

அன்புள்ள சுலோசனாவுக்கு,

ஊசி போட்டாயிற்று. நலம். ஏனாமில் நல்ல மழை என்று பேப்பரில் பார்த்தேன். குடை இல்லாமல் வெளியே போகாதே.

உன் வைத்தியம் வேலை செய்கிறது. இதை எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் உண்மை. அம்மாவின் பழைய போர்வையை இரண்டாகக் கிழித்து வைத்திருக்கிறேன். குக்கர் விசில் அடித்தால் துணி. அமைதியாகக் குச்சியைக் கடித்தால் கடலை. பத்து நாளில் விசில் நின்றது. கூண்டின் பின்கதவுக் கொக்கியை மட்டும் அவன் விடவில்லை. கம்பி போட்டேன், அதையும் பிரித்தான். கடைசியில் அம்மாவின் நீலச் சேலையிலிருந்து கரையைக் கிழித்து ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறேன். அதை மட்டும் அவன் தொடுவதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

நீ கேட்டதற்கு: பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. "டேய், தண்ணி" என்பான். அது அம்மா என்னைக் கூப்பிடுவது. ஐந்து வருடம் வாய்க்கு வாய் சோறு ஊட்டி, கால் அமுக்கி, துணி மாற்றியவனுக்குக் கிடைத்த பெயர் டேய். கிளிக்கு என்ன தெரியும், கேட்டதைச் சொல்கிறது.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கமலக்கண்ணன்


ஏனாம்
21.9.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருவரும் நலம். எனக்கு லேசாகச் சளி, வேறொன்றுமில்லை.

"டேய், தண்ணி" என்ற இடத்தை நாலுதரம் படித்தேன். அதைக்கூட நான் கேட்க முடியாதா? யாரிடமாவது போனை வாங்கிப் பதிவு செய்து அனுப்புங்களேன். துர்கா செய்து கொடுப்பாள்.

அம்மாவை நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள். எண்ணூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு தினமும் போனில் பேசியதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. அதை நான் மறக்கவில்லை. நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று குரூப்பில் பெரியப்பா பெண் எழுதியதற்கு நான் பொறுப்பில்லை, அண்ணா.

அதனால்தான் யோசித்துக் கேட்கிறேன். முசே உங்களுக்குத் தொல்லைதானே. தீபாவளிக்கு வரும்போது அவனை என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிடட்டுமா? இங்கே கூடம் பெரிது. இவருக்கும் சம்மதம்.

உங்கள் தங்கை
சுலோசனா


நெல்லித்தோப்பு
16.10.2024

அன்புள்ள சுலோசனாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முதுகுவலி. இப்போது பரவாயில்லை. உன் சளி போயிருக்கும்.

முசேவை அனுப்புவதற்கில்லை. அத்தனை நேரம் ரயிலில் வந்தால் அந்தச் சீவன் பிழைக்காது. பிழைத்தாலும் தெலுங்கு பேசும். வளர்ந்த வீட்டை விட்டுப் பறவையைப் பெயர்க்கக் கூடாது என்று புத்தகத்தில் படித்தேன்.

தொல்லையும் இப்போது அதிகமில்லை. நான் கல்லூரியிலிருந்து வந்தால் தோளில் ஏறிக்கொள்கிறான், என் கண்ணாடிக் காலைக் கடித்துக்கொண்டே நான் சாப்பிடுவதைப் பார்க்கிறான். ஒரே ஒரு கெட்ட பழக்கம் பாக்கி. மாலை ஆறு மணிக்கு ஆரம்பிப்பான். உன் முறையில்தான் அதையும் திருத்திக்கொண்டிருக்கிறேன். துணி, கடலை. பாதி குறைந்துவிட்டது.

பதிவு செய்யச் சொன்னாய். யாராவது போனை நீட்டினால் அவன் வாயைத் திறப்பதில்லை. தீபாவளிக்கு வர வேண்டாம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறேன், எல்லாம் கலைந்து கிடக்கும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கமலக்கண்ணன்


ஏனாம்
4.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தீபாவளி இங்கேயே கழிந்தது. நலம்தான். உங்களுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

என்ன கெட்ட பழக்கம் என்று நீங்கள் எழுதவில்லை.

நான் தினமும் அம்மாவுக்குப் போன் செய்தது ஆறு மணிக்குத்தான். பள்ளிக்கூடம் முடிந்து வந்து, டீ போட்டுவிட்டு உட்கார்வேன். நீங்கள்தான் போனை எடுத்து அம்மாவின் காதில் வைப்பீர்கள். கூண்டு பக்கத்திலேயே இருக்கும், முசே நடுவில் பேசுவது எனக்குக் கேட்கும். நினைவு வந்தது, எழுதினேன்.

பதில் போடுங்கள்.
சுலோசனா


நெல்லித்தோப்பு
10.12.2024

அன்புள்ள சுலோசனாவுக்கு,

புயல் மழையைப் பற்றி டிவியில் பார்த்திருப்பாய். எனக்கு ஒன்றுமில்லை. இரண்டு நாள் கரண்ட் இல்லை, கீழ்வீட்டில் முழங்கால் அளவுத் தண்ணீர். துர்காவும் அவள் மாமியாரும் நம் வீட்டில்தான் தங்கினார்கள்.

காற்று அடித்தபோது முசே நடுங்கிப்போனான். கூண்டைத் திறந்துவிட்டேன். நேராக வந்து என் சட்டைக்குள் புகுந்துகொண்டு விடியும்வரை அங்கேயே இருந்தான். "சார், அது உங்க புள்ள மாதிரி ஆயிடுச்சி" என்றாள் துர்கா. நாற்பது வருடமாக இந்த வீட்டில் யாரும் பயந்து என்னிடம் வந்ததாக நினைவில்லை.

கெட்ட பழக்கம் என்றது வெறும் கத்தல். வேறென்ன. அதுவும் நின்றுவிட்டது.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கமலக்கண்ணன்


ஏனாம்
24.1.2025

அண்ணாவுக்கு,

நலம். பொங்கல் முடிந்து ஒரு பயிற்சி வகுப்புக்காகக் கொஞ்சம் அலைச்சல், அதனால் எழுதவில்லை.

மாலை ஆறு மணிக்கு முசே என்ன செய்கிறான்? உள்ளதை எழுதுங்கள். இதற்குமேல் கேட்க மாட்டேன்.

சுலோசனா


நெல்லித்தோப்பு
3.2.2025

அன்புள்ள சுலோசனாவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கக்கூட இடம் வைக்காமல் எழுதியிருக்கிறாய்.

ஆறு மணிக்கு அவன் தூங்கிவிடுகிறான்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கமலக்கண்ணன்


நெல்லித்தோப்பு
9.3.2025

சுலோசனாவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ எழுதாமல் இல்லை என்பது செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. வேறு முகவரிக்கு எழுதியிருக்கிறாய்.

நாலாம் தேதி மாலை ஐந்தரைக்கு ஜீப் வந்து நின்றது. வனத்துறை. ராஜாங்கம் என்று ஒருவர், கூட இன்னொருவர். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"பச்சைக்கிளி வளக்கக் கூடாதுன்னு தெரியாதா சார்? படிச்சவங்களா இருக்கீங்க."

"எங்கம்மா வளத்தது."

"அம்மா எங்க?"

"போயிட்டாங்க."

"அப்ப நீங்கதான சார் வளக்கறீங்க."

யார் புகார் கொடுத்தது என்று கேட்டேன். "பேரில்ல சார். மொட்டைக் கடுதாசி. ஆனா நேர்ல பாத்த மாதிரி எழுதியிருக்காங்க" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்தார். கம்ப்யூட்டரில் அடித்த கடிதம். அவர் அதை வாசித்துக்கொண்டே கூண்டைச் சுற்றி வந்தார். பின்கதவுக் கொக்கி நீலச் சேலைக் கரையால் கட்டப்பட்டிருக்கும், ஏழு முடிச்சு. குனிந்து எண்ணினார். "ஏழுதான்" என்றார். மேலே வாசித்தார். மாலை ஆறு மணிக்குப் பறவை வாயைத் திறந்தால் கிழிந்த போர்வையால் மூடிவிடுவார். அது பேச்சை மறந்து மூலையில் ஒண்டுகிறது. தயவுசெய்து அதைக் காப்பாற்றுங்கள்.

ஏழு முடிச்சை நான் உனக்கு மட்டும்தான் எழுதினேன். உலகத்தில் வேறு யாரிடமும் எனக்குக் கடிதப் போக்குவரத்து இல்லை.

ஜீப் போன பிறகு துர்கா வந்தாள். "பொங்கல் கழிச்சி உங்க தங்கச்சி வந்தாங்களே சார், சொல்லலியா?" என்றாள். நீ அன்றைக்குப் புதுச்சேரியில் பயிற்சி முடித்து ஆறு மணிக்கு நம் மாடிப்படியில் நின்றிருக்கிறாய். எனக்கு நூலகத்தில் புத்தக இருப்புச் சரிபார்க்கும் வேலை, வீடு திரும்ப ஏழரை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சன்னல் வழியா பாத்தாங்க. கிளி போன் மணி மாதிரி அடிச்சிது. 'சுலோ'ன்னு ஒருதரம் சொல்லுச்சு. சொல்லிட்டு ஓடிப்போயி மூலைல மூஞ்சத் திருப்பிக்கிச்சு. ஏன் துர்கா இப்படிப் பண்ணுதுன்னு கேட்டாங்க. சார் துணி போடுவாரு, அந்த பயம்தான்னு சொல்லிட்டேன். தப்பா சார்?"

தப்பில்லை என்றேன்.

சரி, உள்ளதைக் கேட்டாய் அல்லவா, இதோ. அம்மா போன மறுநாளிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அவன் போன் மணி அடித்தான். அடித்துவிட்டு அம்மாவின் குரலில், அந்த இழுவை மாறாமல், "சுலோ, சாப்ட்டியாம்மா? எப்ப வர்ற?" என்பான். தினமும். நான் சாப்பிடாமல் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன், அவள் ஏனாமில் இருக்கிற உன்னைக் கேட்பாள். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். ஒரு கையில் போனை உன் அம்மாவின் காதோடு பிடித்துக்கொண்டு மறு கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்பேன். அவள் உன்னைக் கேட்பாள், சாப்ட்டியாம்மா என்று. என்னை ஒருநாள் கேட்டதில்லை. அவள் செத்த பிறகும் ஒரு கிளியின் வாய் வழியாக நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? உன்னைப் போன் செய்யாதே என்றதற்கும் இதுதான் காரணம். உன் குரல் கேட்டால் அவன் உன்னோடு பேச ஆரம்பித்துவிடுவான்.

அதனால் துணி போட்டேன். நீ சொல்லிக் கொடுத்த முறைதான். வேண்டாத சத்தத்துக்குத் துணி, வேண்டியதற்கு உடனே கடலை. வேண்டியது என்னவென்றும் சொல்கிறேன். நாலு மாதம் தினமும் அவன் முன்னால் உட்கார்ந்து "கண்ணா, சாப்ட்டியா?" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். பொங்கல் சமயத்தில் சொன்னான். தெளிவாகச் சொன்னான், என் குரலில். அம்மாவின் குரலில் வரும் என்று நான் எப்படி எதிர்பார்த்தேனோ தெரியாது. எம்.ஃபில். படித்தவன். அதன் பிறகு இரண்டு மாதமாகத் தினமும் நான் என்னையே சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன், அவனும் அதற்குக் கடலை வாங்கிக்கொண்டிருந்தான். அதுவும் எனக்குப் போதுமாகத்தான் இருந்தது.

நான் உன்னிடம் மறைத்தேன். ஆனால் நீ அன்றைக்குக் கதவடியில் காத்திருந்திருக்கலாம். நான் வந்ததும் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். கூண்டைத் தூக்கிக்கொண்டு நடந்திருந்தால் பஸ் நிலையம் வரை பின்னாலேயே வந்து கத்தியிருப்பேன், அப்புறம் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருப்பேன். அது அண்ணன் தங்கைச் சண்டை. நீ திரும்பிப்போய், நாலு நாள் கழித்து ஆறு மணிக்கு என்ன செய்கிறான் என்று கேட்டு, என் பொய்யை வாங்கி வைத்துக்கொண்டு, பெயரில்லாமல் அரசாங்கத்துக்கு எழுதினாய். நம்பி எழுதிய ஏழு முடிச்சை எடுத்து என்மேலேயே சாட்சி வைத்தாய். கிளி இப்போது உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. எனக்கு இல்லாமல் போவதுதான் உனக்கு முக்கியம் என்றால், அதைச் சாதித்துவிட்டாய்.

அவனைப் பெரிய கூண்டில் வைத்துப் பறக்கப் பழக்கிவிட்டு வெளியே விடுவார்களாம். ராஜாங்கம் சொன்னார். என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்துவிட்டார். நானே கூண்டைக் கீழே கொண்டுவந்து ஜீப்பில் வைத்தேன். வெயில் படக் கூடாது என்று துணியையும் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அப்போது ராஜாங்கத்தின் பையில் போன் அடித்தது. மணி ஆறாகியிருக்கும்.

முசே கழுத்தைச் சாய்த்தான். "சுலோ" என்றான். உடனே மூலைக்கு ஓடி என் கையைப் பார்த்தான். நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கம்பிக்கு வந்து, மூன்று மாதமாக நான் கேட்காத குரலில், ஒரு எழுத்துக் குறையாமல், "சுலோ, சாப்ட்டியாம்மா? எப்ப வர்ற?" என்றான்.

"நல்லா பேசுதே சார்" என்றார் ராஜாங்கம்.

துணி கையிலேயே இருந்தது. போடவில்லை. இதை நீ கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். உனக்குச் சேர வேண்டியதை உனக்கு எழுதிவிட்டேன். இனி என்னிடம் மிச்சம் வைத்தது எதுவும் இல்லை.

நீ நலமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. கடைசியில் வழக்கமாக எழுதும் இரண்டு வார்த்தைகளை எழுதப் பேனாவை மூன்றுதரம் கொண்டுபோய்விட்டு எடுத்துவிட்டேன். உன் கடிதத்தில் பெயரில்லை, ஆனாலும் யார் எழுதியது என்று எனக்குத் தெரிந்தது. உனக்கும் தெரியும். இப்படியே மடித்து, கையெழுத்துப் போடாமல், பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.